நாள்பட்ட நரம்பு நோயும் முதுமையும்: மனத்தைப் பழக்கிக்கொள்வது எப்படி?

முதுமையும் நாள்பட்ட நரம்பு நோயும் ஒன்றுசேர்ந்து வரும்போது, சுற்றியிருப்பவர்கள் நோயாளியிடம் அடிக்கடி சொல்வது "மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான். அன்பினால் சொல்லப்படுவதே என்றாலும், இந்த அறிவுரையால் பயன் குறைவு. சில வேளைகளில் கேடும் உண்டு. பார்க்கின்சன் நோய், பக்கவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்பிழைகளின் மேலுறை சிதையும் நோய்), தொடக்கநிலை மறதி நோய் போன்றவற்றில் பாதிக்கப்படுவது மூளையே என்பதால், சோர்வும் பயமும் அழுகையும் அந்த நோயின் அறிகுறிகளாகவே வரக்கூடும். கை நடுக்கத்துக்குத் தைரியம் மருந்தாகாது என்பதை எளிதில் ஒப்புக்கொள்பவர்கள், மனச்சோர்வுக்கும் அது மருந்தாகாது என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். ஆகவே, தைரியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பிரித்துப் பார்க்கும் பழக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் மனத்தை அழுத்துவதில் எந்தப் பங்கு நோயினுடையது, எது துக்கத்தினுடையது, எது வயதினுடையது என்று ஓரளவு தெரிந்துவிட்டால், எதற்கு மருத்துவரிடம் போவது, எதற்கு அவகாசம் கொடுப்பது, எதற்கு அன்றாட ஏற்பாட்டை மாற்றிக்கொள்வது என்பதும் தெளிந்துவிடும்.

எது எதனால் வருகிறது?

பார்க்கின்சன் நோயில், நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. டோபமைனின் வேலை உடலை அசைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு செயலைத் தொடங்கும் உந்துதலிலும், அதைச் செய்து முடித்ததில் கிடைக்கும் நிறைவிலும் அதற்குப் பங்குண்டு. மனநிலையோடு நேரடித் தொடர்புடைய செரட்டோனின் போன்ற வேறு வேதிப்பொருள்களின் சமநிலையும் இந்நோயில் குலைகிறது. அதனால்தான் சிலருக்குக் கை நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மனச்சோர்வோ பதற்றமோ வந்துவிடுகிறது. பார்க்கின்சன் நோயாளிகளிலும் பக்கவாதம் கண்டவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கவனிக்கத்தக்க அளவில் மனச்சோர்வு காணப்படுகிறது. இத்தனை பேருக்கு வருவதைத் தனிமனிதரின் பலவீனம் என்று நினைத்துக் குமைவதில் நியாயமே இல்லை.

மனச்சோர்வையும் ஊக்கமின்மையையும் வேறுபடுத்துவது அவசியம். வீடுகளில் மிகுதியாகச் சண்டை மூள்வது இந்த இடத்தில்தான். மனச்சோர்வில் துயரம் இருக்கும், குற்றவுணர்வு இருக்கும், எதிர்காலம் இருண்டு தோன்றும். ஊக்கமின்மையிலோ துயரம்கூட இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு முற்பகல் முழுவதும் கழியும், அதைப் பற்றிய வருத்தமும் தோன்றாது. குடும்பத்தார் இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். "வருத்தமாக இருக்கிறதா, இல்லை எதுவுமே தோன்றவில்லையா?" என்ற ஒரு கேள்வியை நோயாளி தன்னிடமே கேட்டுக்கொண்டு, விடையை அப்படியே மருத்துவரிடம் சொல்வது நல்லது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஊக்கமின்மைக்கு மனச்சோர்வு மருந்துகள் பெரும்பாலும் அவ்வளவாக உதவுவதில்லை.

பக்கவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்றவற்றில் இன்னொன்றும் நேரும். உள்ளே அத்தனை துயரம் இல்லாதபோதே அழுகை பீறிட்டு வரும். அல்லது சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்து அடங்காமல் நிற்கும். உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பாதைகள் பழுதுபடுவதால் வருவது இது. இதற்குப் பயன்படும் மருந்துகள் இருக்கின்றன. ஆனால் பலர் வெட்கத்தால் மருத்துவரிடம் சொல்லாமலே வெளியே போவதை நிறுத்திவிடுகிறார்கள்.

மறுபக்கத்துத் தவறும் உண்டு: எல்லாவற்றையும் நோயின் கணக்கில் எழுதிவிடுவது. பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வராததும், தூக்கம் மெலிதாவதும், வேகம் குறைவதும் வயதோடு எவருக்கும் வருபவை. அதேபோல் தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, காது மந்தமாவது ஆகியவை முதியவர்களிடம் மனச்சோர்வு போலவும் மறதி போலவும் தோற்றம் காட்டும். இவற்றைச் சாதாரணப் பரிசோதனைகளால் கண்டுபிடிக்கலாம், சரிசெய்யவும் வழிகள் உள்ளன. மனம் மாறியது என்று முடிவு கட்டும் முன் இவற்றைப் பார்த்துவிடச் சொல்லி நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

பிரித்தறிவதற்கு மிகச் சிறந்த கருவி ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டு வாரங்களுக்கு, மாத்திரை சாப்பிட்ட நேரம், உடல் எப்படி இருந்தது, மனம் எப்படி இருந்தது என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். "காலை 7 மாத்திரை. 8 மணிக்கு நடை நன்றாக இருந்தது, மனம் தெளிவு. 10.40-க்குக் கால் இறுகியது, நெஞ்சு படபடப்பு, ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்ற பயம். 11 மாத்திரை. 11.45-க்குப் பயம் போய்விட்டது" என்ற அளவு போதும். கை நடுங்கினால் வீட்டிலுள்ள ஒருவரை எழுதச் சொல்லலாம், அல்லது கைபேசியில் பேசிப் பதிவு செய்யலாம்.

மேலே காட்டிய பக்கத்தை ஒரு நரம்பியல் மருத்துவர் பார்த்தால், அந்தப் பயத்தை வாழ்க்கைக் கவலையாக மட்டும் கருத மாட்டார். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்தைச் சில ஆண்டுகள் எடுத்த பிறகு, அடுத்த வேளைக்கு முன்பே அதன் வேகம் இறங்கிவிடுவது பலருக்கு நேர்கிறது. அப்படி இறங்கும்போது உடல் இறுகுவதோடு கடுமையான பதற்றமும் சேர்ந்து வரலாம். வேளைகளின் இடைவெளியை மாற்றியமைப்பதாலேயே அந்தப் பதற்றம் தணிய வாய்ப்புண்டு. அந்த நேரக் குறிப்பு இல்லாவிட்டால், அதே நோயாளி "எனக்கு எப்போதும் பயமாக இருக்கிறது" என்று சொல்லியிருப்பார். அதற்கு வேறொரு மருந்து கூடியிருக்கும்.

மருந்துகளைப் பற்றி இன்னும் மூன்று விஷயங்களை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். டோபமைனைப் போலச் செயல்படும் சில மாத்திரைகள், சிலரிடம் சூதாட்டம், அளவில்லாமல் பொருள் வாங்குவது, கட்டுப்பாடற்ற பாலுணர்வு, ஓயாத உணவு வேட்கை போன்ற அடக்க முடியாத உந்துதல்களை உண்டாக்கும். இதை ஒழுக்கக் கேடு என்று மூடி மறைத்துக் குடும்பங்கள் சிதைவதைவிட, மருந்தின் பக்கவிளைவு என்று உடனே மருத்துவரிடம் சொல்வது எவ்வளவோ மேல். அடுத்து, அறையில் இல்லாத ஆட்களோ பிராணிகளோ கண்ணுக்குத் தெரிவது நோயாலும் மருந்தாலும் நேரக்கூடியது. அதையும் மறைக்காதீர்கள், அதற்காகப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அஞ்சவும் வேண்டாம். மூன்றாவது, எந்தக் காரணத்துக்காகவும் பார்க்கின்சன் மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலையில் கொண்டுபோய் விடக்கூடும்.

துக்கத்துக்கு வரிசை கிடையாது

நோயின் பங்கைப் பிரித்த பிறகும் மிஞ்சுவது துக்கம். அது இழப்புக்கு உரிய துக்கம், அதற்கு மாத்திரை தேட வேண்டியதில்லை. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது, இறப்பை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில். நாள்பட்ட நரம்பு நோயோ இருபது ஆண்டுகள்கூட உடன் வரும். அதில் ஒரு முறை துக்கப்பட்டு முடித்துவிட முடியாது. எழுத்து சிறுத்துக் கிறுக்கலானபோது ஒரு துக்கம், வண்டி ஓட்டுவதை விட்டபோது ஒரு துக்கம், குரல் தாழ்ந்து எதிரில் இருப்பவர் "என்ன?" என்று மூன்று முறை கேட்டபோது இன்னொரு துக்கம் என்று அது தவணை தவணையாக வரும். போன ஆண்டு ஏற்றுக்கொண்டுவிட்டேனே, இப்போது ஏன் மறுபடியும் அழுகிறேன் என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். இது புதிய இழப்பு, புதிதாகத்தான் வலிக்கும்.

சமூகவியலாளர் கேத்தி சார்மாஸ், நாள்பட்ட நோயாளிகளின் துன்பத்தில் உடல் வலியைத் தவிர அடிப்படையான ஒரு பகுதி "நான்" என்ற உணர்வை இழப்பதில் இருக்கிறது என்று 1983-இல் எழுதினார். வீட்டின் கணக்குவழக்கு எல்லாம் நாற்பது ஆண்டுகள் தன் கையால் பார்த்த ஒருவருக்கு, அந்தப் பொறுப்பு கைமாறும்போது போவது வேலை மட்டுமன்று. வீட்டில் தன் இடம் எது என்பதும் கேள்வியாகிறது. ஆகவே ஒவ்வோர் இழப்பின்போதும், "இந்த வேலையில் எனக்கு எது முக்கியமாக இருந்தது?" என்று எழுதிப் பாருங்கள். கணக்கு எழுதியதில் முக்கியமானது எண்களா, வீட்டின் முடிவுகளில் தன் சொல்லும் ஏறுகிறது என்பதா? இரண்டாவது என்றால், எழுதும் வேலையை மகளிடம் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு முறை உடனிருந்து முடிவெடுக்கும் உரிமையை வைத்துக்கொள்ளலாம். கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டால், இழப்பின் அளவு பல நேரங்களில் குறைந்துவிடுகிறது.

விடுவதும் வைத்துக்கொள்வதும்

முதுமை உளவியலில் பால் பால்ட்டெஸ், மார்கிரெட் பால்ட்டெஸ் இணையர் 1990-இல் முன்வைத்த ஒரு கருத்து, நடைமுறைக்கு மிகவும் உதவுவது. வயது ஏறியும் நன்றாக வாழ்பவர்கள் மூன்று காரியங்களைச் செய்கிறார்கள் என்றார்கள் அவர்கள்: சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்ததில் கூடுதலாக உழைக்கிறார்கள், இயலாமல் போன இடத்தை வேறு உத்தியால் ஈடுகட்டுகிறார்கள். இதற்கு அவர்கள் காட்டிய சான்று பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன். எண்பது வயதிலும் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, குறைவான இசைக்கோவைகளையே வாசிப்பதாகவும், அவற்றை முன்னைவிட மிகுதியாகப் பயிற்சி செய்வதாகவும், வேகமான பகுதி வருவதற்கு முன் வேண்டுமென்றே சற்று மெதுவாக வாசித்து, அடுத்து வருவது வேகமாகத் தோன்றும்படி செய்வதாகவும் அவர் விளக்கினார்.

இதை உங்கள் காலைப்பொழுதில் எப்படிச் செய்வது என்று பாருங்கள். சட்டைப் பொத்தானை எடுத்துக்கொள்வோம். விரல் நுனிக்குப் பொத்தானின் விளிம்பு தட்டுப்படுகிறது, துளைக்கு நேராகக் கொண்டு வருவதற்குள் நழுவுகிறது. மறுபடி பிடித்தால் துணி சுருண்டுகொள்கிறது. நான்காம் பொத்தானில் நெற்றியில் வியர்வை அரும்பி, அன்றைய நாளின் பாதித் தெம்பு அங்கேயே செலவாகிவிடுகிறது. முழுவதையும் தானே போடுவேன் என்று தினமும் போராடுவதும், ஒரேயடியாகப் பிறர் கையில் விட்டுவிடுவதும் இரண்டு கோடிகள். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்துக்கு உடை மாற்றுவதைத் தள்ளிவைக்கலாம். பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைத்துத் தைக்கலாம். பார்ப்பவர்களுக்காக மேலே பொத்தான்கள் இருக்கட்டும். அல்லது, பொத்தானை மனைவி போட்டுவிடட்டும், மிச்சமான தெம்பைக் காலை நடைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று முடிவெடுக்கலாம். எந்த முடிவும் தவறன்று. முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

தேர்ந்தெடுக்கும்போது கடமைகளை மட்டும் பட்டியலிட்டு மகிழ்ச்சிகளை முதலில் வெட்டிவிடுவது பலருடைய வழக்கம். அது நேர் எதிராக இருக்க வேண்டும். ஆள் வைத்துச் செய்யக்கூடிய கடமையை முதலில் விடுங்கள். பாடுவது, செடிக்கு நீர் விடுவது, பேரக்குழந்தைக்குக் கதை சொல்வது போன்ற, உங்களால் மட்டுமே உங்களுக்காகச் செய்ய முடிந்தவற்றைக் கடைசிவரை பிடித்து வையுங்கள்.

கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி ஆகியவற்றையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும். அவற்றைத் தோல்வியின் அடையாளமாக எண்ணி ஒத்திப்போடுபவர்கள், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் தசையும் மெலிகிறது, தனிமையும் கூடுகிறது. எந்தக் கருவி பொருத்தம் என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு, வீட்டுக்குள் சில நாள்கள் பழகிய பிறகு வெளியே எடுத்துச் செல்வது கூச்சத்தைக் குறைக்கும்.

பிறரிடம் சொல்வது

பார்க்கின்சன் நோயில் முகத்தசைகள் இறுகுவதால், உள்ளே மகிழ்ச்சியாக இருந்தாலும் முகம் அதைக் காட்டாது. நண்பர்கள் இதைக் கோபம் என்றோ அலட்சியம் என்றோ புரிந்துகொண்டு விலகுகிறார்கள். அந்த விலகலால் நோயாளி உண்மையாகவே சோர்ந்துபோகிறார். இதற்கு ஒரே வழி, முன்கூட்டியே சொல்லிவிடுவது. "எனக்கு நரம்பில் ஒரு நோய் இருக்கிறது. முகத்தில் சிரிப்பு வராது, ஆனால் நீங்கள் வந்தது எனக்கு மகிழ்ச்சி. பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும், காத்திருங்கள்" என்று இரண்டு மூன்று வாக்கியங்களைத் தயார் செய்து, சரளமாக வரும்வரை சொல்லிப் பழகுங்கள். எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்பதில்லை. வயதானபோது மனிதர்கள் இயல்பாகவே பழக்கவழக்க வட்டத்தைச் சுருக்கி, மனத்துக்கு நெருக்கமானவர்களோடு மட்டும் மிகுதியாக உறவாட விரும்புகிறார்கள் என்பதை லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான்கு பேர் போதும். அந்த நான்கு பேரிடம் முழுமையாகச் சொல்லுங்கள்.

உடனிருப்பவர்களுக்கு

பராமரிப்பவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை அவசரத்தால் வருபவை. அப்பா சட்டையோடு போராடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிடுவதைவிட, "அப்பா, நான் போட்டுவிடட்டுமா, இல்ல கொஞ்சம் இருக்கட்டுமா?" என்று கேட்பதற்கு ஒரு நொடிதான் ஆகும். கேட்டுவிட்டு, விடை வரும்வரை உண்மையாகவே காத்திருக்க வேண்டும். நோயால் யோசனையின் வேகமும் குறைந்திருக்கலாம். மருத்துவரின் அறையில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர் போலப் பேசாதீர்கள்.

உங்கள் துக்கத்துக்கும் இடமுண்டு. உடலளவில் எதிரே இருப்பவர், பழகிய மனிதராக இல்லாமல் போவதைக் குடும்ப உளவியலாளர் பாலின் பாஸ் 1970-களிலிருந்து ஆராய்ந்து, அதைத் தெளிவற்ற இழப்பு என்று குறிப்பிட்டார். இறந்தவருக்காக அழுதால் ஊரே ஆறுதல் சொல்லும்; உயிரோடு இருப்பவரின் பழைய சிரிப்புக்காக அழுதால் எவருக்கும் புரிவதில்லை. அந்த அழுகையில் துரோகம் எதுவும் இல்லை. வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே செல்வதைச் சலுகையாகக் கருதாமல் ஏற்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பவர் படுத்துவிட்டால் நோயாளிக்கும் போக்கிடம் இல்லை.

சோர்வு ஆழும்போது

இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் துயரமோ, எதிலும் நாட்டமின்மையோ தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கென்று வடிவமைத்த, 15 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு வினாப்பட்டியல் ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். மனச்சோர்வு மருந்துகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் நரம்பு நோயுள்ளவர்களுக்கும் பயன் தருகின்றன. ஆனால் எந்த மருந்தையும் நரம்பியல் மருத்துவருக்குத் தெரிந்தே தொடங்க வேண்டும். குறிப்பாக, மாயத்தோற்றத்துக்கும் வாந்திக்கும் பொதுவாகக் கொடுக்கும் ஹாலோபெரிடால், மெட்டோகுளோப்ரமைடு போன்ற மருந்துகள் பார்க்கின்சன் நோயை மோசமாக்கும் என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பையிலேயே வைத்திருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதலிடம் உடற்பயிற்சிக்கு. நடை, சமநிலை, மனநிலை மூன்றுக்கும் அது நல்லது. மனநிலை சரியாகட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. மனம் வராதபோதும் குறித்த நேரத்தில் குறித்த சிறு செயலைச் செய்துவிடுவது, மனம் பின்னால் வந்து சேர்வதற்கு வழி செய்கிறது. செயல் சிறிதாக இருக்க வேண்டும்: மாலை ஐந்து மணிக்கு வாசல்வரை நடந்து திரும்புவது போல.

வாழ்வதில் பொருளில்லை, நான் எல்லாருக்கும் பாரம் என்ற பேச்சு வந்தால், அதை வயதானவர்களின் புலம்பல் என்று தள்ளாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால், அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.

குரல் தெளிவாக இருக்கும்போதே

எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு அபசகுனம் என்று தள்ளிப்போடப்படுகிறது. நரம்பு நோய்களில் பேச்சும் முடிவெடுக்கும் திறனும் பின்னாளில் மங்கக்கூடும் என்பதால், இந்த ஒன்றில் மட்டும் ஒத்திப்போடுவது நோயாளிக்கே பாதகம். மருந்து நன்றாக வேலை செய்யும் ஒரு நேரத்தில், நம்பகமானவர்களை உட்கார வைத்து, என்னால் முடிவெடுக்க முடியாதபோது என் சார்பில் யார் பேச வேண்டும், விழுங்க முடியாமல் போனால் குழாய் வழி உணவு வேண்டுமா, செயற்கைச் சுவாசம் வேண்டுமா, கடைசி நாள்கள் வீட்டிலா மருத்துவமனையிலா என்பவற்றைச் சொல்லுங்கள். ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை. மனம் கனத்தால் நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் தொடரலாம். சொன்னதை எழுதி, தேதியிட்டு, உங்கள் நாட்டுச் சட்டப்படி சாட்சிக் கையெழுத்து தேவையா என்று விசாரித்து, ஒரு பிரதியை மருத்துவரின் கோப்பிலும் இன்னொன்றை உங்கள் சார்பில் பேசப் போகிறவரிடமும் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையும், நோய் ஒரு படி மாறும்போதும் அதை எடுத்துப் படித்து, மனம் மாறியிருந்தால் அடித்துத் திருத்தி, புதிய தேதியைப் போடுங்கள்.